மூன்றாம் எண் கூண்டு ஏழாகிப்போகும் விதம்

ஐப்பசி பிறந்துவிட்டால் செய்தித்தாளில் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு: ‘கடலூர், நாகை, காரைக்கால் துறைமுகங்களில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.’ படித்தவுடன், “மூணுதானே, பார்த்துக்கலாம். அஞ்சு, ஆறுன்னு ஏறினாத்தான் கவலை” என்று யாராவது சொல்வார்கள். கூண்டின் எண்ணைக் காய்ச்சலின் டிகிரி மாதிரி நினைத்துக்கொள்வது நம் வழக்கம். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்பது கணக்கு.

கணக்கு பாதிதான் சரி. மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் தொலைவில், நடுக்கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து. வேறுபாடு புயலின் வலிமையில் இல்லை, வழியில் இருக்கிறது. துறைமுகத்துக்கு ஒரு பக்கமாகக் கடக்கும் என்றால் 5, மறுபக்கமாகக் கடக்கும் என்றால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. கடும்புயலுக்கு 8, 9, 10 என்று அதே மூன்று வழிகள் மறுபடியும் வரும். பக்கம் எது என்பது வெறும் விவரமல்ல. புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால், சோழமண்டலக் கரையில் அது கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடித்து அலையை ஊருக்குள் தள்ளும். தெற்கே நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். ஆக, ஐந்தைவிட ஆறு ‘ஒன்று கூட’ என்று சொல்ல இடமே இல்லை. 5 ஒரு பெயர், 6 இன்னொரு பெயர். எண் உருவத்தில் எழுதப்பட்ட பெயர்கள், அவ்வளவுதான்.

நிரல் எழுதுபவர்கள் இத்தகைய பெயர்ப் பட்டியலை ‘ஈனம்’ என்பார்கள் (தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் இடறும், பொறுத்துக்கொள்ளுங்கள்). ஒரு விவரம் இன்னின்ன மதிப்புகளில் ஒன்றாக மட்டுமே இருக்கலாம் என்று முன்கூட்டியே எண்ணி வைத்துவிடுவது. வாரத்தின் நாட்கள், ரத்த வகை, ரேஷன் அட்டையின் வகை எல்லாம் இந்தச் சாதி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தரவுத்தளத்தில் அதைப் போட்டு வைத்து, பல ஆண்டு கழித்துப் போட்டதையே திரும்ப எடுப்பதில் கெட்டிக்காரர்களும் வழுக்கி விழுகிறார்கள்.

பெயரை அப்படியே எழுதி வைத்தால் என்ன என்று கேட்கலாம். ‘மிகத் தீவிரப் புயல்’ என்பதை இன்றைய கணினிகள் வழக்கமாகக் கையாளும் யூனிகோடு முறையில் சேமிக்க 53 பைட் பிடிக்கிறது. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும், புள்ளிக்கும் கொம்புக்கும்கூட, மும்மூன்று பைட். 5 என்று எழுதினால் ஒரே பைட். இடம் இன்று மலிவு, ஆகவே அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். நிஜமான தலைவலி எழுத்துப் பிழை. ஒருவர் ‘தீவிரப் புயல்’ என்று ஒற்று மிகுத்து எழுதுவார். அடுத்தவர் ‘தீவிர புயல்’ என்பார். நாம் இரண்டையும் ஒன்றாகவே படிப்போம். கணினிக்கு அவை இரண்டு வேறு புயல்கள். எத்தனை தீவிரப் புயல் வந்தது என்று கேட்டால் ஒற்றுப் போட்டவற்றை மட்டும் எண்ணிச் சொல்லும்.

அதனால்தான் எண். எண்ணிலும் பொறி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் ஈனம் வகைப் பத்தி ஒன்றை அமைத்து மதிப்புகளை வரிசையாகக் கொடுத்தால், அது உள்ளுக்குள் முதல் மதிப்புக்கு 1, இரண்டாவதுக்கு 2 என்று தானே எண் போட்டு, அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். கேட்கும்போது பெயராக்கித் தரும். இப்போது கூண்டுக்கு வருவோம். சிறு படகுகள் வந்துபோகும் சிறு துறைமுகங்களுக்கு 11 எண்களும் தேவையில்லை என்று வானிலைத் துறை ஒரு சுருக்க முறை வைத்திருக்கிறது. அதில் ஐந்தே கூண்டுகள்: 3, 4, 7, 10, 11. இந்த ஐந்தையும் மேற்கோள் குறிக்குள் மதிப்புகளாகக் கொடுத்து ஒரு பத்தி அமைக்கிறீர்கள். பிறகு மேற்கோள் குறி இல்லாமல் வெறும் 3 என்று பதிகிறீர்கள். மைஎஸ்க்யூஎல் அதைக் கூண்டின் பெயராக எடுத்துக்கொள்ளாது, ‘பட்டியலில் மூன்றாவது’ என்று புரிந்துகொள்ளும். மூன்றாவது எது? 7. பலத்த காற்று என்று நீங்கள் பதிந்தது, புயல் ஊர் மேலேயே கடக்கும் என்று சேமிக்கப்பட்டுவிடுகிறது. மேற்கோள் குறிக்குள் ‘5’ என்று பதிந்தாலோ இன்னும் வேடிக்கை: அந்தப் பெயரில் மதிப்பே இல்லாததால் ஐந்தாவது மதிப்பை எடுத்து 11 என்று வைத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

கூண்டு முறையை வகுத்தவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஐந்து கூண்டுதானே என்று அவர்கள் ஒன்றிலிருந்து ஐந்து வரை புதிதாக எண் போடவில்லை. 3, 4, 7 என்று இடைவெளிகளை அப்படியே விட்டார்கள். அதனால் பெரிய துறைமுகத்தில் 7 என்றால் என்னவோ, சிறிய துறைமுகத்திலும் அதேதான். 1864இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடிய பிறகு, 1865இல் அந்தத் துறைமுகத்தில் தொடங்கியது நம் நாட்டின் புயல் எச்சரிக்கைப் பணி. இந்திய வானிலைத் துறையே 1875இல்தான் பிறந்தது. பகலில் கண்ணுக்குத் தெரியும் கூண்டின் வடிவமும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் வேறு வேறு. அவை குறிக்கும் எண் ஒன்றே. காட்டுவதைச் சேமிப்பதிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று இன்று மென்பொருள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அதே வானிலைத் துறையிலிருந்து எதிர்மாறான பாடமும் கிடைக்கிறது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல், சூப்பர் புயல் என்று ஆறு படிகள் இருந்தன. 2015இல் கடைசி இரண்டுக்கும் நடுவே ‘அதி தீவிரப் புயல்’ என்று ஒன்றைச் செருகினார்கள். வானிலைக்கு அது நல்ல காரியம்; 64 முதல் 119 நாட் வேகம் வரை எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்து வைத்திருந்தது நியாயமில்லை. ஆனால் படியின் வரிசை எண்ணை மட்டும் சேமித்துவைத்த ஒரு நிரலை நினைத்துப் பாருங்கள். 1999இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயல் அதில் 6 என்று கிடக்கிறது. நிரலாளர் பட்டியலில் புதுப் பெயரை உரிய இடத்தில், அழகாக, ஐந்துக்கு அடுத்தாற்போல் சேர்க்கிறார். அடுத்த நொடியே 6 என்றால் அதி தீவிரம். ஒடிசா புயல் சத்தமில்லாமல் ஒரு படி இறங்கிவிட்டது. சேமித்த எண்ணை யாரும் தொடவில்லை. பொருள் மட்டும் காலடியிலிருந்து நழுவிவிட்டது. ஜாவாவில் தரவுத்தளத்தோடு பேசும் ஜேபிஏ முறை, நீங்கள் வேறு சொல்லாவிட்டால், இப்படி வரிசை எண்ணைத்தான் சேமிக்கும். இன்றும் அதுவே இயல்புநிலை.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2008இல் ஈனம் வகையைக் கொண்டுவந்தது; நடுவே செருகும் இந்தச் சிக்கலை 2011இல் யோசித்துத் தீர்த்தது. ஒவ்வொரு பெயருக்கும் அதற்கே உரிய ஓர் அடையாள எண். வரிசையில் அது எங்கே நிற்கிறது என்பது தனியே, தசம எண்ணாக. 5க்கும் 6க்கும் நடுவே ஒருவர் வந்தால் 5.5 என்று உட்கார வைத்துவிடலாம். பழையவர் யாரும் நகர வேண்டாம். ஒருமுறை உள்ளே வந்த பெயரை நீக்க மட்டும் அது வழி வைக்கவில்லை. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். பழைய பதிவு ஒன்று அந்தப் பெயரைச் சுட்டிக்கொண்டிருக்கலாமே என்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை. இதையெல்லாம்விடப் பழைய, பத்திரமான வழி, பட்டியலையே தனி அட்டவணையாக வைப்பது: எண், பெயர், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்ற விவரம். பட்டியலில் இல்லாத எண்ணை யாராவது பதிய வந்தால் தரவுத்தளமே வாங்க மறுத்துவிடும்.

அரசு எண்களைப் பார்த்தால் யாரோ இதை யோசித்திருப்பது தெரியும். 2014இல் ஆந்திரம் பிரிந்த பிறகு ஜி.எஸ்.டி.யில் புது ஆந்திரத்துக்குப் பழைய 28 கிடைக்கவில்லை, 37 கொடுத்தார்கள். வாகனப் பலகையில் எழுத்துக் குறிகளுக்கு அந்த நிம்மதி இல்லை. ஒரிசா ஒடிசாவானதும் ‘ஓஆர்’ போய் ‘ஓடி’ வர வேண்டியிருந்தது. பெயருக்குள் பொருளை வைத்தால் பெயர் மாறும்போது குறியும் மாறும். பாண்டிச்சேரி 2006இல் புதுச்சேரியானபோது மட்டும், ஆங்கில எழுத்தில் இரண்டு பெயருக்கும் தலையும் வாலும் ஒன்றாக அமைந்ததால், ‘பிஒய்’ தப்பித்தது. காரைக்கால் வண்டிகள் பிஒய் 02 ஆகவே ஓடுகின்றன. அதே காரைக்கால் 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாவட்டம் 637. அஞ்சலில் 609602, அங்கே அது நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்களோடு 609இல் சேர்ந்து கிடக்க, அதே ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹே 673310 என்று கேரளத்தோடும், ஏனாம் 533464 என்று ஆந்திரத்தோடும் போய்விட்டன. எதுவும் தவறில்லை. வரி வசூலிப்பவருக்கு வேண்டியது ஆட்சி எல்லை, தபால்காரருக்கு வேண்டியது பை எந்த வழியாகப் போகும் என்பது.

உலக வானிலைப் பட்டியலில் காரைக்கால் நிலையத்தின் எண் 43346, கொழும்பு 43466. இந்நிலையங்கள் அனுப்பும் செய்தியில் ‘இப்போதைய வானிலை’ என்பதற்கு 00 முதல் 99 வரை நூறு குறிகள் உண்டு. முதல் இலக்கம் குடும்பத்தைச் சொல்லும்: 5 தூறல், 6 மழை, 7 பனிப்பொழிவு, 9 இடி. கார்த்திகை அடைமழை என்றால் 65, விடாத கனமழை. எழுபதுகளுக்குக் காரைக்காலில் வேலையே இல்லை. ஆனாலும் அவை பட்டியலில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் பட்டியல் காரைக்காலுடையது அல்ல.

கடைசியாக 11ஆம் எண் கூண்டு. எல்லாவற்றிலும் பெரிய எண், ஆகவே எல்லாவற்றிலும் பெரிய புயல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பொருள்: வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார். அதாவது, ‘எங்களுக்குத் தகவல் இல்லை’ என்பதற்கே ஓர் எண். தரவுத்தளத்தில் பெரும்பாலோர் இந்த நிலைக்கு எண் தராமல் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள்; ‘நல்’ என்பார்கள். எஸ்க்யூஎல் மொழிக்கு ஒரு குணம் உண்டு: காலிக் கட்டத்தை எதோடு ஒப்பிட்டாலும் விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. கூண்டு எண் 3 அல்லாத துறைமுகங்களைக் காட்டு என்று கேட்டால் 1, 4, 7 எல்லாம் வரும். கட்டம் காலியாக உள்ள துறைமுகம் வராது. கம்பி அறுந்து, செய்தி எதுவும் வராமல் கிடக்கும் துறைமுகம் அது. 11 என்று பதிந்திருந்தால் வந்திருக்கும்.