‘ஒரு பேப்பர்ல அஞ்சு!’ - ஜெர்மனியில் படிக்கும் தம்பியோடு பத்து நாள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளையை வீட்டில் எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், கைப்பேசித் திரையில். “சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டியா, நல்லா படிக்கிறியா?” மூன்று கேள்விக்கும் “ஆமா” என்று ஒரே பதில் வரும். அந்தத் திரைக்கு வெளியே என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்க வீட்டிலிருந்து முதலில் போவது பெரும்பாலும் அப்பா, அம்மா இல்லை. அக்காவோ அண்ணனோதான். அவர்களிடம் பாஸ்போர்ட் இருக்கும், சம்பளச் சீட்டு இருக்கும், அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடிப் பத்து நாள் விடுப்பும் வாங்கிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் போனது நான். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். தம்பி பொறியியல் மூன்றாம் ஆண்டை மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் படித்தான். 2024 செப்டம்பர் கடைசியில் கிளம்பிப் போனான். 2025 ஜூனில், பெந்தெகொஸ்தே விடுமுறையை ஒட்டி நான் போனேன்.

பரிமாற்றம் என்றால் படிப்புக் கட்டணத்தை இங்கே நம் கல்லூரிக்குக் கட்டினால் போதும். அங்கே பருவத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். ரயில் பாஸும் அதிலேயே வந்துவிடுகிறது. கேட்கும்போது மலிவாகத்தான் இருக்கும். ஆனால் ஓராண்டு தங்கிச் சாப்பிடுவதற்கான பணத்தை முன்கூட்டியே ஒரு வங்கிக் கணக்கில் போட்டு முடக்கிக் காட்டினால்தான் விசா. தம்பி விண்ணப்பித்தபோது அது 11,208 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ ஆகிவிட்டது. மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். எங்கள் வீட்டில் அதற்குள் அப்பாவின் பி.எஃப் முன்பணமும் அம்மாவின் நகையும் இருந்தன.

அவனைப் பார்க்கப் போகும் எனக்கு வேறு விசா. ஷெங்கன் குறுகிய கால விசா, கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் முடியாது. கோடை விடுமுறை நெருங்கினால் சென்னையில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே பெரும்பாடு. அதனால் தேதி முடிவானதும் முதல் வேலையாக இதைப் பாருங்கள்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ‘தம்பிதான் அங்கே இருக்கிறானே, அவன் கடிதம் கொடுத்தால் போதாதா?’ போதாது. செலவை நான் ஏற்கிறேன் என்று அரசு அலுவலகத்தில் உறுதிமொழி எழுதிக் கொடுக்க அங்கே போதிய வருமானம் உள்ளவராக இருக்க வேண்டும். மாணவனால் பொதுவாக அது ஆகாது. அவன் கொடுக்கக்கூடியது அழைப்புக் கடிதம், மாணவர் சான்றிதழ், குடியிருப்பு அட்டையின் நகல். செலவுக்கான பணம் நம் கணக்கில் இருப்பதை நாம்தான் காட்ட வேண்டும். வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, ‘விடுப்பு முடிந்து திரும்பி வேலைக்கு வருவார்’ என்று அலுவலகம் தரும் கடிதம்... இவைதான் நம்மைப் பற்றிப் பேசும்.

டிரெஸ்டனில் இறங்கியதும் நான் பார்க்கக் கேட்டது அரண்மனையை அல்ல, உடைந்த பாலத்தை. எல்பே ஆற்றின் மேல் இருந்த கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் இடிந்து ஆற்றுக்குள் விழுந்தது. சில நிமிடங்கள் முன்புதான் ஒரு டிராம் கடந்து போயிருந்தது. யாருக்கும் காயமில்லை. தம்பி கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது வந்த செய்தி. அம்மா அன்று பெட்டியில் மடித்து வைத்த துணியை வெளியே எடுத்துவிட்டார். “அந்தப் பாலத்துல போக மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்று கேட்ட பிறகுதான் துணி திரும்பப் பெட்டிக்குள் போனது. நான் போனபோது பாலத்தை இடித்து அகற்றிக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ‘அவனை இப்பவும் அந்தப் பக்கம் விடாதே’ என்று பதில் வந்தது.

அறை சின்னது, சுத்தமாக இருந்தது. சமையலறை பொது. அவன் அலமாரியில் அம்மா அனுப்பிய சாம்பார் பொடி பாதி காலி, பருப்புப் பொடி முழுசாக அப்படியே. ஃபிரிட்ஜில் தயிர் டப்பா, கேரட், முட்டை. வீடியோ காலில் ‘சாப்பிட்டேன்’ என்றால் எதைச் சாப்பிடுகிறான் என்பதற்கு அந்த அலமாரியே பதில். மத்தியானம் கல்லூரி உணவகத்தில் மாணவர் விலையில் ஒரு முழுச் சாப்பாடு. மற்ற இரு வேளையும் அப்படி இப்படித்தான்.

நான் போன வாரத்தில் ஞாயிறு கடைகள் மூடல், மறுநாள் பெந்தெகொஸ்தே திங்களும் மூடல். சனிக்கிழமை மாலையே அரிசி, பால், ரொட்டி எல்லாம் வாங்கி வைத்துவிட்டான். காலி பிளாஸ்டிக் பாட்டில்களை ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தான். கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். நம் ஊரில் காலி பாட்டிலைக் காசாக்கத் தெரியாத பையன், இங்கே ரசீதைப் பத்திரமாக மடித்துப் பையில் வைக்கிறான்! ஒரு காபிக்கு 4 யூரோ என்றதும் மனசுக்குள் நூறால் பெருக்கி நான் பின்வாங்கினேன். “அக்கா, பெருக்கிட்டே இருந்தா இங்க தண்ணிகூடக் குடிக்க முடியாது” என்றான்.

ஊர் சுற்ற எனக்கு ஜெர்மனி டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். அப்போது மாதம் 58 யூரோ. நகர டிராம், பேருந்து, உள்ளூர் ரயில், மண்டல ரயில் என்று நாடு முழுக்கச் செல்லும். வேக ரயிலுக்கு மட்டும் செல்லாது. இது சந்தா மாதிரி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள். ஐந்தாம் தேதி வாங்கிக் கொடுத்தவன், அன்று இரவே ரத்தும் செய்துவிட்டான்.

அந்த டிக்கெட்டில் முதலில் போனது பாஸ்டை. டிரெஸ்டனிலிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ராத்தன் என்ற கிராமம். அங்கே படகில் ஆற்றைக் கடந்து மலை ஏற வேண்டும். மேலே மணற்பாறைத் தூண்களுக்கு நடுவே 1851-ல் கட்டிய கல்பாலம், 76.5 மீட்டர் நீளம். ஆற்று மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரம். பிள்ளையார்பட்டி, குடுமியான்மலை என்று பாறையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கும் இது புதுசு. விரல் விரலாக நிற்கும் பாறைகள், கீழே ஆறு, அதில் பொம்மை போல ஒரு நீராவிக் கப்பல். நான் ஐம்பது படம் எடுத்தேன். தம்பி கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

அடுத்து செக் நாட்டின் பிராக். டிரெஸ்டனிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான். ஷெங்கன் என்பதால் தனி விசா வேண்டாம். யூரோ மட்டும் அங்கே நாணயம் இல்லை, கொருனா. 1357-ல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தில் அத்தனை கூட்டம். காலை ஆறு மணிக்குப் போனால்தான் பாலம் கண்ணுக்குத் தெரியும். மற்ற நேரத்தில் முதுகுகள்தான்.

திரும்பும் ரயிலில் எல்லை தாண்டியதும் போலீஸ் ஏறினார்கள். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனை வைத்திருக்கிறது. எனவே ஷெங்கனுக்குள் சுற்றினாலும் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். என் பாஸ்போர்ட்டைப் புரட்டியவர் ஏதோ கேட்டார். தம்பி ஜெர்மன் மொழியில் நிதானமாகப் பதில் சொன்னான். யார், எதற்கு வந்தார், எப்போது திரும்புகிறார் என்று எல்லாவற்றுக்கும். பள்ளியில் ஆசிரியர் கேள்வி கேட்டால் என் பின்னால் வந்து நின்றவன் அவன்.

அவர்கள் போன பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அக்கா, அந்த அஞ்சு இருக்குல்ல... அது ஃபெயில்.”

தலைகீழ் மதிப்பெண்

ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ். 1.0 தான் மிகச் சிறந்தது. எண் ஏற ஏற மதிப்பு இறங்கும். 4.0 வரை தேர்ச்சி. 5.0 என்றால் தோல்வி. மார்ச்சில் முதல் பருவ முடிவு வந்தபோது வீட்டில் கேட்டிருக்கிறார்கள். “ஒண்ணுல 1.7, ஒண்ணுல 2.3, ஒரு பேப்பர்ல அஞ்சு” என்று சொல்லியிருக்கிறான். “அஞ்சா! அப்ப மத்ததுலயும் அப்படியே எடுத்திருக்கலாம்ல?” என்று அம்மா சந்தோஷப்பட்டிருக்கிறார். அவன் பொய் சொல்லவில்லை. திருத்தவும் இல்லை. மூன்று மாதம் அந்த ‘அஞ்சு’ எங்கள் தெருவில் பெருமையாகச் சுற்றியது.

தோற்ற காரணம் சோம்பேறித்தனம் இல்லை. நம் கல்லூரிகளில் இன்டர்னல் மதிப்பெண் கைகொடுக்கும். அசைன்மென்ட், மாதத் தேர்வு, வருகைப் பதிவு என்று வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அவன் எடுத்த அந்தப் பாடத்தில் பருவக் கடைசியில் ஒரே ஒரு தேர்வு. அதுதான் மொத்த மதிப்பெண்ணும். வகுப்புக்கு வந்தாயா என்று யாரும் கேட்பதில்லை. தேர்வுக்கும் நாமே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர். அக்டோபரில் வந்து இறங்கி, மொழி பிடிபட்டு, குளிர் பழகி நிமிர்வதற்குள் பிப்ரவரி வந்துவிட்டது.

இதில் பணம் மட்டும் போகவில்லை. ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட் என்பது ஐரோப்பியக் கணக்கு. என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட் என்று மாணவன், நம் கல்லூரி, அந்தக் கல்லூரி என மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அதில் ஐந்து குறைந்தால் ஊர் திரும்பும்போது அது அரியர். ‘அரியர் இருக்கக் கூடாது’ என்று நிபந்தனை போடும் நிறுவனங்கள் கல்லூரிக்கு வருவது ஆகஸ்டில். நகையை மீட்பதாகச் சொல்லியிருப்பது அந்த வேலையை நம்பி.

ஏப்ரலில், பருவம் தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் கல்லூரியிடம் சொல்லியிருந்தால் ஒப்பந்தத்தைத் திருத்தி மாற்றுப் பாடம் எடுத்திருக்கலாம். அந்தத் தேதி போய்விட்டது. மீதி இருந்த ஒரே வழி ஜூலைக் கடைசியில் மறுதேர்வு. அதற்குப் பதிவு செய்துவிட்டான். மலையில் அடிக்கடி திறந்து பார்த்தது அதன் உறுதி மின்னஞ்சலைத்தான்.

“நீயே அம்மாகிட்ட சொல்லிடுறியா?” என்றான்.

“பக்கத்துல உக்காந்திருப்பேன். நீதான் சொல்லணும்.”

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அழைத்தோம். ஊரில் எட்டரை, அப்பா சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்திருப்பார். தம்பி சுற்றி வளைக்கவில்லை. “அப்பா, அந்த அஞ்சு ஃபெயில் மார்க்குப்பா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்பா முதலில் கேட்டது: “அப்ப அந்த ஒண்ணு புள்ளி ஏழு?”

“அது நல்ல மார்க்கு.”

“சரி. கம்பெனி வர்றதுக்குள்ள ரிசல்ட் வந்துருமா?”

“தெரியலப்பா.”

அம்மா பின்னாலிருந்து, “பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லிட்டேனேடா” என்றார். பிறகு, “அதுக்காகத்தான் இளைச்சுப் போயிருந்தியா?” அவர் மார்ச்சிலிருந்தே கவனித்திருக்கிறார். திரை சின்னதுதான், அம்மாவுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

மீதி நாள்களில் லைப்சிக் போகும் திட்டத்தை விட்டுவிட்டோம். காலையில் அவன் நூலகம் போவான். நான் ஒருத்தியாக டிராமில் ஏறி இறங்கினேன். 1945 குண்டுவீச்சில் இடிந்து, பழைய கற்களையும் சேர்த்துக் கட்டி 2005-ல் திறந்த ஃபிராவன் தேவாலயத்தில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். புதுக் கல்லுக்கு நடுவே கறுத்த பழைய கல் தனியாகத் தெரிகிறது. சாயங்காலம் சாம்பார் வைத்தேன். நான் புறப்படும்போது பருப்புப் பொடியும் திறந்திருந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளை பரிமாற்றத்தில் போயிருந்தால் இதை மட்டும் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் மொத்தம் எத்தனை கிரெடிட், இதுவரை எத்தனை வந்திருக்கிறது? மதிப்பெண்ணைவிட இந்த எண் தெளிவானது; தலைகீழாகவும் இருக்காது. பார்க்கப் போவதானால் தேர்வு மாதங்களைத் தவிருங்கள். குளிர்காலப் பருவத்துக்கு பிப்ரவரி, கோடைப் பருவத்துக்கு ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும்.

மறுதேர்வு முடிவு ஆகஸ்ட் நடுவில் வந்தது. 3.3. அதற்குள் முதல் நிறுவனம் கல்லூரிக்கு வந்து ஆள் எடுத்துப் போய்விட்டது. இரண்டாவது நிறுவனத்துக்கு அவன் பெயர் பட்டியலில் ஏறியது. அம்மா என்னை அழைத்து, “மூணு புள்ளி மூணுன்னா ஏத்தமா, இறக்கமா?” என்று கேட்டார். பாஸ் என்றேன். “அது போதும்” என்று வைத்துவிட்டார்.