காலங் கெட்டதோ?

வைகாசி பிறந்து சில நாட்களே ஆயின. பகலெல்லாம் கொதித்த யாழ்ப்பாணத்து மண், சோளகக் காற்று எழுந்தபின் மாலையிற் சற்றே ஆறுகின்றது. சனியும் ஞாயிறும் பள்ளியில்லை. வேப்பமர நிழலிற் சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கறுத்தக்கொழும்பான் பழமொன்றை நறுக்கி அருகில் வைத்து, முன் படித்த நூலையே மீண்டும் படித்தலினும் இன்பம் வேறுண்டோ?

இவ்வின்பத்துக்கு இடையூறு ஒன்று உண்டு. ஓய்ந்திருப்போர் இருவர் கூடினால் மூன்றாம் வாக்கியம் காலத்தைப் பழிப்பதாகவே அமையும். சென்ற ஞாயிறன்று அயல்வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், படலையைத் திறக்கும்போதே தொடங்கிவிட்டார்: "தம்பி, காலங் கெட்டுப்போச்சு. பெடியள் நிமிர்ந்து முகம் பார்க்கிறதில்லை, போனும் கையுந்தான். ஒரு பாட்டும் பாடமில்லை."

அவர் கூற்றைப் பொய்யென்று தள்ளேன். ஆயின் அது புதிதன்று. கிரேக்க ஞானி பிளேட்டோ தமது உரையாடலொன்றில், எகிப்திய மன்னன் ஒருவனின் கதையைக் கூறுகின்றார். எழுத்தைக் கண்டுபிடித்து வந்த தெய்வத்தை நோக்கி அம்மன்னன், இஃது மாந்தரின் நினைவாற்றலைக் கெடுக்கும் என்கின்றான். அன்று பழி சுமந்தது ஏடு. இன்று சுமப்பது கைப்பேசி.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பாட்டன்மார் பொற்காலமென்று போற்றிய காலத்திலேயே, 1872இல், ஆறுமுகநாவலர் 'யாழ்ப்பாணச் சமயநிலை' எழுதி, இந்நாட்டுச் சைவரின் சீர்கேட்டைக் கடிந்தார். ஆயின் அவர் கடிந்ததோடு நின்றவரல்லர். 1848இலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் அத்தகையரே. பழந்தமிழ் ஏடுகள் செல்லரித்து உதிர்வதைக் கண்டு வருந்தியவர், 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். இன்னது அழிகின்றது என்று அவர்களாற் சுட்டிக் கூற முடிந்தது. 'எல்லாம் கெட்டது' என்பார்க்கு எதைச் செய்வதென்று தெரியாது.

பொற்காலம் என்போரிடம் நான் கேட்பது மற்றொன்று: யாருக்குப் பொற்காலம்? 1968இலும் மாவிட்டபுரம் கோயிலுள் நுழைந்து வழிபடும் உரிமைக்காக ஒரு சாரார் போராட வேண்டியிருந்ததே. அக்காலத்தை மீட்டுத் தாரும் என்று அவர்தம் பேரப்பிள்ளைகள் கேட்பார்களா? பெரியவரிடம் இதனைக் கூறினேன். அவர் மறுமொழி கூறாது மாம்பழத் துண்டொன்றை எடுத்தார்.

கைப்பேசியையும் நான் வெறுப்பவனல்லன். 2005இல் தொடங்கிய 'நூலகம்' முயற்சியால் ஈழத்துப் பழைய நூல்களும் இதழ்களும் அதன் திரையிலேயே விரிகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

எனினும், உண்மையாகவே தேய்ந்து வருவதொன்றை யான் கண்ணெதிரே காண்கின்றேன். அது புராணபடனம். ஒருவர் கச்சியப்பரின் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் சந்தி பிரித்து, சொல் கூட்டி, அவையறிய அப்போதே பயன் சொல்லும் கலை அது. எழுத்தறியாத மூதாட்டியும் சூரனின் தவத்தையும் செருக்கையும் விரித்துரைக்கக் கற்றது கோயில் மண்டபத்திலேதான். செய்யுளைத் திரையிற் காணலாம். எதிரே இருப்பவர் முகம் பார்த்து, விளங்காத இடத்தை மீண்டும் விளக்குதல் திரையால் ஆகாது. எங்கள் ஊர்க் கோயிலிற் படிப்போர் இருவர் உளர். பயன் சொல்ல வல்லார் ஒருவரே. இருவர்க்கிடையே ஒருவர் நோயுற்றால் அன்றைய படிப்பு நின்றுவிடும்.

ஐப்பசியிற் கந்தசஷ்டி. அதற்குள் சனிக்கிழமைதோறும் காலையிற் பயிற்சி நடத்துவதாக வகுப்பிற் கூறினேன். மூவர் பெயர் தந்துள்ளனர். அவருள் ஒருத்தி மாணவி. உற்பத்தி காண்டத்திலிருந்து முறையாகத் தொடங்குவோம் என்றேன். அவர்களோ சூரபன்மன் வதைப் படலத்தையே முதலில் வேண்டுமென்கின்றனர். பிள்ளைகளல்லவா!