அடிவாரத்தில் பூ... உச்சியில் பனி!

குட்டீஸ், ஒரு மலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடிவாரத்தில் பூக்கள் பூத்திருக்கின்றன. இதமான வெயில். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஜாலியாக ஏறுகிறீர்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால்... தொடை வரை பனி!

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் 'வெள்ளை மலை'களில் ஏப்ரல், மே மாதங்களில் இப்படித்தான் இருக்கும். அங்கே அது வசந்த காலம். பலர் ஏமாந்துபோவதும் அப்போதுதான்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். அங்குள்ள மவுண்ட் வாஷிங்டன் சிகரத்தின் உயரம் 1,917 மீட்டர். எவரெஸ்டில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால், சாதுவான மலை என்று நினைத்துவிடாதீர்கள்! 1934 ஏப்ரல் 12 அன்று, அதன் உச்சியில் உள்ள வானிலை ஆய்வு நிலையத்தில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. 1996ல் ஆஸ்திரேலியாவில் வீசிய ஒரு புயல் முறியடிக்கும் வரை அதுதான் உலக சாதனை. ஏப்ரல் என்பதைக் கவனித்தீர்களா? அதுவும் வசந்த காலம்தான்!

சரி, பாதைக்கு வருவோம். குளிர்காலம் முழுக்க ஆட்கள் நடந்து நடந்து, பாதையின் நடுவில் உள்ள பனி கல் மாதிரி இறுகிவிடும். வெயில் வந்ததும் இரு பக்கமும் உள்ள லேசான பனி முதலில் உருகும். இறுகிய பனி மட்டும் ஒல்லியான சுவர்போல நீண்டு நிற்கும். மலையேறுபவர்கள் இதற்கு வைத்துள்ள செல்லப் பெயர், 'மோனோ ரயில்'. அதன் மேலேயே நடக்க வேண்டும். கால் கொஞ்சம் விலகினால், 'பொதக்'! தொடை வரை உள்ளே போய்விடும். அடியில் பாறை இருந்தால் கால் முறியவும் கூடும். அதனால்தான், டென்னிஸ் மட்டை போன்ற அகலமான பனிக் காலணிகளை மே மாதத்தில்கூட சிலர் முதுகில் சுமந்து போகிறார்கள். உடல் எடை பரவலாக விழுவதால் கால் புதையாது.

காலையில் பனி கெட்டியாக இருக்கும், மதியம் கூழாகிவிடும். ஓடைகள் இன்னும் மோசம். காலையில் கணுக்கால் அளவு தண்ணீரில் சுலபமாகத் தாண்டிய ஓடை, பகலெல்லாம் பனி உருகி வருவதால், மாலையில் இடுப்பளவு ஆகியிருக்கலாம். திரும்பி வருவது எப்படி? எனவே, விடியும்போதே கிளம்பி, மதியத்துக்குள் இறங்கப் பார்ப்பார்கள்.

பனி போனால் அடுத்தது சேறு! பக்கத்து மாநிலமான வெர்மான்டில் இதை 'சேற்றுப் பருவம்' என்றே சொல்கிறார்கள். சேற்றைப் பார்த்ததும் நாம் என்ன செய்வோம்? ஓரமாக ஒதுங்கிப் போவோம். அங்கே அது தப்பு! எல்லோரும் ஓரமாக நடந்தால், ஈர மண்ணில் உள்ள செடிகள் மிதிபட்டுச் சாகும். பாதை அகலமாகிக்கொண்டே போகும். ஆகவே சேற்றின் நடுவிலேயே நடக்க வேண்டும். ஷூ வீணாகுமே என்றால், திரும்பிப் போய்விட வேண்டியதுதான்.

மே மாதக் கடைசி வரை உயரமான மலைப்பாதைகளுக்கு வராதீர்கள் என்று வெர்மான்டில் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறார்கள். அதுவரை நடக்க ஆசைப்படுபவர்கள், வெயில் நன்றாக விழுந்து சீக்கிரம் காய்ந்துவிடும் தாழ்வான பாதைகளைத் தேடிப் போகிறார்கள். பூக்களும் அங்கேதானே முதலில் பூக்கின்றன!