தோட்டாக் கூட்டின் கொள்ளளவுக் கட்டுப்பாடு

தோட்டாக் கூட்டின் கொள்ளளவுக் கட்டுப்பாடு என்பது, ஒரு சுடுகலனை மீண்டும் நிரப்பாமல் எத்தனை முறை சுடலாம் என்பதற்குச் சட்டம் விதிக்கும் வரம்பு ஆகும். தோட்டாக் கூடு அல்லது மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகச் சுடும் அறைக்குச் செலுத்தும் உறுப்பாகும். ஐக்கிய அமெரிக்காவில் சில மாநிலங்கள் இதற்கெனச் சட்டம் இயற்றியுள்ளன. இந்தியாவின் படைக்கலச் சட்டம் இவ்வாறு எண்ணால் வரையறுக்காமல், வேறு வழிகளில் அதே நோக்கத்தை அடைய முயல்கிறது.

நோக்கம்

சுடுபவர் கூட்டை மாற்றும் இடைவெளியில் மற்றவர்கள் தப்பவோ அவரை மடக்கவோ இயலும் என்பது இக்கட்டுப்பாட்டை ஆதரிப்போரின் வாதம். 2011 சனவரியில் அரிசோனாவின் தூசான் நகரில் துப்பாக்கியால் சுட்டவர் கூட்டை மாற்ற முற்பட்டபோதே பிடிபட்டார். தற்காப்பு உரிமையை இது குறைக்கிறது என்பது எதிர்ப்போரின் வாதம்.

ஐக்கிய அமெரிக்கா

1994 முதல் 2004 வரை, 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய கூடுகளை நடுவண் சட்டம் தடை செய்தது. அச்சட்டம் காலாவதியான பின் மாநிலச் சட்டங்களே எஞ்சின. வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்: கலிபோர்னியாவில் 10, கொலராடோவில் 15, டெலவேரில் 17.

இந்தியா

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் படைக்கலங்கள் நடுவண் அரசின் பட்டியலில் உள்ளன. எனவே மாநிலங்கள் தமக்கெனத் தனி வரம்பு விதிக்க இயலாது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் முதன்மையான கட்டுப்பாடுகள்:

* விசையை அழுத்தியிருக்கும் வரை, அல்லது கூடு காலியாகும் வரை, தொடர்ந்து சுடும் தானியங்கிகள் தடை செய்யப்பட்டவை. இவற்றை உரிய அனுமதியின்றி வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை.
* 9 மி.மீ. போன்ற படைத்துறைத் தோட்டாக்களைச் சுடும் கைத்துப்பாக்கிகளும் தடைக்குட்பட்டவை. ஆகவே பொதுமக்கள் பெரும்பாலும் 0.32 அங்குல வகையையே பெறுகின்றனர். கான்பூரில் செய்யப்படும் இவ்வகைச் சுழல் துப்பாக்கி 6 தோட்டாக்களையே கொள்ளும்.
* ஒருவர் வைத்திருக்கத்தக்க சுடுகலன்கள் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன.
* வாங்கத்தக்க தோட்டாக்களின் அளவு உரிமத்தில் குறிக்கப்படும்.

புதுச்சேரி

எல்லைக்கு எல்லை சட்டம் மாறுவதன் விளைவைப் புதுச்சேரியின் வரலாறு காட்டுகிறது. பிரித்தானிய இந்தியாவின் 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் பொருந்தவில்லை. 1911 சூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்ற வாஞ்சிநாதன், புதுச்சேரியில் வ. வே. சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர். இன்று நிலைமை வேறு. குருசுக்குப்பத்திலிருந்து கடற்கரையோரமாக வடக்கே சென்றால், சில கிலோமீட்டரில் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம் வந்துவிடும். ஈரிடத்திலும் ஒரே படைக்கலச் சட்டமே செல்லும். ஆயினும் ஓர் உரிமம் எப்பகுதிக்குச் செல்லுபடியாகும் என்பது அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அப்பகுதிக்கு வெளியே சுடுகலனைக் கொண்டு செல்வதற்கு முன் இதனைச் சரிபார்க்க வேண்டும்.