உங்களுக்குத் தெரியுமா? டாலர் இல்லாத வியாபாரம்

★ சோவியத் நாட்டோடு இந்தியா செய்த வியாபாரத்தில் பல பத்தாண்டுகள் டாலருக்கு வேலையே இல்லை. 1953-ல் வர்த்தக ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு ரூபாயிலேயே கணக்கு. அங்கிருந்து எண்ணெயும் இயந்திரங்களும் ஆயுதங்களும் வரும். அதற்கான ரூபாய் அவர்கள் கணக்கில் ஏறும். அந்த ரூபாயை அவர்கள் வேறெங்கும் செலவழிக்க முடியாது. இங்கேயே தேயிலை, முந்திரிப்பருப்பு, தோல், பனியன் என்று வாங்கித்தான் கழிக்க வேண்டும். அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய நாட்டுக்கு இது பெரிதும் கைகொடுத்தது.

★ கம்யூனிஸ்ட் நாடுகள் தங்களுக்குள் வியாபாரம் செய்யவும் ஒரு தனி ரூபிள் 1964 முதல் இருந்தது. ஏட்டில் மட்டும் இருந்த பணம் அது. ஹங்கேரியின் இக்காரஸ் பஸ்கள் அந்த நாடுகளெங்கும் ஓடின. 1991 ஜனவரியில் டாலர் கணக்கு வந்ததும் அந்தச் சந்தை சரிந்தது. அதே ஆண்டு ஜூனில் அவர்களின் கூட்டமைப்பான கோமேகானே கலைந்தது.

★ அந்த அடி நம்மையும் விடவில்லை. 1990-91-ல் நம் ஏற்றுமதியில் சுமார் 16 சதவீதம் சோவியத்துக்குப் போனது. இரண்டே ஆண்டுகளில், சோவியத் உடைந்த பின், ரஷ்யாவின் பங்கு சுமார் 3 சதவீதம். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த உற்பத்தியாளர்களின் பாடு பெரும்பாடு.

★ நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையமும் அந்தக் காலத்துக் குழந்தைதான். ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1988 நவம்பரில். சோவியத் கடன், சரக்கு ஏற்றுமதி செய்தே அடைக்கலாம் என்பது ஏற்பாடு. சோவியத் உடைந்தது, திட்டம் உறங்கியது. 1998-ல் ரஷ்யாவோடு மறுபடி ஒப்பந்தம், இம்முறை டாலர் கடன். முதல் உலை இயங்கத் தொடங்கியது 2013 ஜூலையில்.

★ சோவியத்துக்கு இந்தியா பட்டிருந்த பழைய கடன் என்ன ஆனது? 1993 ஜனவரியில் ரஷ்ய அதிபர் எல்ட்சின் டெல்லி வந்தபோது பேசி முடித்தார்கள். ஒரு பகுதியை 12 ஆண்டுகளிலும் மீதியை வட்டியில்லாமல் 45 ஆண்டுகளிலும் கட்ட வேண்டும். அதுவும் ரூபாயில், சரக்காக!

★ திருநெல்வேலிக்காரரான தொ.மு.சி. ரகுநாதன் மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழாக்கினார். நெசவாளர் துயரம் சொல்லும் அவருடைய ‘பஞ்சும் பசியும்’ செக் மொழிக்குப் போனது. சரக்கோடு எழுத்தும் இரு பக்கமும் பயணப்பட்ட காலம் அது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்றுமதி இதுதான்.

★ மாஸ்கோவில் தமிழிலேயே அச்சான புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மலிவு விலைக்கு ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது. 1991-க்குப் பிறகு அந்த வரத்து நின்றுவிட்டது. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பக்கத்து நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.