ஐந்து பேர் திறக்கும் வழி

2023 நவம்பர் 11. பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டிருந்தார்கள். அங்கே அமெரிக்கக் கால்பந்தில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடிய மிச்சிகன் பல்கலைக்கழக அணி, ஒரு கட்டத்துக்குப் பிறகு பந்தை எறிவதையே விட்டுவிட்டது. கணக்கில் ஏறிய கடைசி 32 முயற்சிகளும் வரிசையாக ஓட்டம்தான். வரப்போவது ஓட்டம் என்று எதிரணிக்குத் தெரியும், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். ஓட்டத்தைத் தடுப்பதில் அந்தப் பருவத்தில் நாட்டிலேயே முன்னணியில் இருந்த அணி பென் ஸ்டேட். இருந்தும் மிச்சிகன் 227 கெஜம் ஓடியது. 24–15 என்று வென்றது.

ஒளிக்க எதுவுமே இல்லாத ஒரு உத்தி எப்படி வென்றது? விடை, பந்தோடு ஓடாத ஐந்து பேரிடம் இருக்கிறது.

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறியாக வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். பந்தை எறியலாம், கையில் வாங்கிக்கொண்டு ஓடவும் செய்யலாம். ஓடுபவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். பல்கலைக்கழக அளவிலேயே இவர்களில் பெரும்பாலோர் 135 கிலோவைத் தாண்டியவர்கள். எதிரே நிற்பவர்களை நகர்த்தி, ஓடுபவருக்கு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி திறப்பது இவர்கள் வேலை. அந்த இடைவெளி ஒரு விநாடி திறந்திருந்தாலே பெரிய விஷயம்.

கணக்குப்படி பார்த்தால் ஓடும் அணிக்கு ஆரம்பத்திலேயே நஷ்டம். இருபுறமும் 11 பேர். ஓடுபவர் யாரையும் தடுக்க முடியாது. பந்தை அவர் கையில் கொடுக்கும் குவார்ட்டர்பேக்கும் பெரும்பாலும் தடுப்பதில்லை. மிஞ்சுவது ஒன்பது தடுப்பாளர்கள். எதிரே 11 பேர். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் பயிற்சியாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட வழிகளில் மிக அழகானது ஒன்று: எதிரணியின் ஓர் ஆளை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவது. அவர் ஓடுபவரை நோக்கிப் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓடுவார். பாயாமல் நின்றால் பந்து ஓடுபவருக்குப் போகும். எதைச் செய்தாலும் அந்த ஆளின் முடிவு தவறாகிவிடுகிறது. ஒரு தடுப்பாளர் மிச்சமாகிறார். டாம் ஆஸ்போர்ன் பயிற்றுவித்த 1995ஆம் ஆண்டு நெப்ராஸ்கா அணி இந்தத் தத்துவத்தை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனது. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 400 கெஜம் ஓடியது. சாம்பியன் பட்டத்துக்கான இறுதியாட்டத்தில் புளோரிடாவுக்கு எதிராக 524 கெஜம்.

ஆனால் கணக்கு சரியாக வந்தால் மட்டும் போதாது. ஆளுக்கு ஆள் மோதும் இடத்தில் இயற்பியல் தீர்ப்புச் சொல்கிறது. 140 கிலோ எடையுள்ள இருவர் ஒரே வேகத்தில் நேருக்கு நேர் மோதினால் இருவரும் நின்றுவிடுவார்கள். அப்போது வெல்பவர் யார்? தாழ்ந்திருப்பவர். சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளுகிறவர் தானாகவே இடுப்பை இறக்கிக் கால்களைப் பின்னால் ஊன்றிக்கொள்வதைப் பார்த்திருப்போம். அதே விதிதான் இங்கும்.

இதற்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. தாழ்ந்திருப்பவர் எதிராளியைப் பின்னோக்கி மட்டும் தள்ளுவதில்லை. சற்று மேல்நோக்கியும் தள்ளுகிறார். அதனால் எதிராளியின் எடையில் ஒரு பங்கு தரையிலிருந்து விலகுகிறது. காலணியின் ஆணிகள் புல்தரையில் எவ்வளவு அழுந்துகின்றனவோ அவ்வளவுதான் பிடிமானம். அழுத்தம் குறைந்தால் பிடியும் தளர்கிறது. தள்ளுகிறவருக்கு நடப்பது நேர் எதிர். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அவர் மேல்நோக்கித் தரும் விசை அவரையே கீழ்நோக்கி அழுத்துகிறது. அவருடைய பிடி கூடுகிறது. எதிராளி இழக்கும் பிடிமானம் அப்படியே இவர் கணக்கில் சேர்கிறது. சில அங்குல உயர வித்தியாசம் பல கிலோ எடை வித்தியாசத்தை விழுங்கிவிடுவது இப்படித்தான்.

அந்தச் சில அங்குலத்தை உடம்பில் பதிய வைக்கத்தான் பயிற்சி மைதானத்தில் தாழ்வான கூரை போட்ட இரும்புக் கூண்டு ஒன்று நிற்கும். வீரர்கள் அதற்குள் குனிந்து நின்று, சைகை கிடைத்ததும் சீறி வெளியே வர வேண்டும். நிமிர்ந்தால் தலைக்கவசம் கம்பியில் இடிக்கும். சில நேரம் கால்களுக்கு நடுவே ஒரு பலகையைப் போட்டுவைப்பார்கள். கால்கள் ஒன்றையொன்று நெருங்காமல் அகன்றே இருக்கப் பழக வேண்டும். முதல் அடி ஆறு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று பயிற்சியாளர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். நீளமாக அடி வைத்தால் மோதும் நேரத்தில் ஒரு கால் காற்றில் இருக்கும். காற்றில் இருக்கும் காலால் யாரையும் தள்ள முடியாது. இரண்டாவது காலும் தரையைத் தொட்ட பிறகே மோதல் நடக்க வேண்டும். இத்தனையும் அரை விநாடி நேரச் சமாச்சாரம்.

அந்த அரை விநாடியில் இவர்களுக்கு ஒரே ஒரு சலுகை உண்டு. சென்டர் பந்தைக் குவார்ட்டர்பேக்குக்கு எப்போது பின்னால் அனுப்புவார் என்பது இவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். எதிரணி பந்து அசைவதைப் பார்த்த பிறகுதான் கிளம்ப முடியும். கண் பார்த்து உடம்பு அசைய மனிதருக்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். அதுதான் இவர்களுக்குக் கிடைக்கும் முன்தொடக்கம். எதிரணியின் ஊரில் ஆடும்போது கூச்சல் காதைப் பிளக்கும். குவார்ட்டர்பேக்கின் குரல் வரிசைக்கு எட்டாது. அப்போது ஒரு கார்டு திரும்பிப் பின்னால் பார்த்து, சைகை கிடைத்ததும் சென்டரைத் தட்டுவார். அந்தத் தட்டலை வைத்து ஐந்து பேரும் ஒரே கணத்தில் கிளம்ப வேண்டும். ஒருவர் முந்தி அசைந்தாலும் ஐந்து கெஜம் அபராதம்.

ஓட்ட ஆட்டத்தின் உயிர்நாடி இதற்கு அடுத்த படியில் இருக்கிறது: இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளுவது. மூவரும் 140 கிலோ, மூவரும் விநாடிக்கு 2 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். இருவரின் உந்தம் 560, எதிராளியின் உந்தம் 280. மோதி ஒட்டிக்கொண்டால் மூவரும் விநாடிக்கு முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் எதிராளியின் பக்கமாகவே நகர்வார்கள். வரிசையின் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது.

ஆனால் இருவர் ஒருவரைக் கவனித்துக்கொண்டிருந்தால், அவருக்குப் பின்னால் நிற்கும் எதிரணியின் லைன்பேக்கரை யார் தடுப்பது? இங்கேதான் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கும் ஒரு பாடம் என்னை மிகவும் வியக்க வைக்கிறது: நான்கு கைகளும் அருகில் இருப்பவர் மீது, நான்கு கண்களும் தூரத்தில் இருப்பவர் மீது. கைகளால் ஒருவரைத் தள்ளிக்கொண்டே இருவரும் லைன்பேக்கரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் இடப்பக்கம் வந்தால் இடப்பக்கத்தவர் பிரிந்து அவரை எதிர்கொள்வார். வலப்பக்கம் வந்தால் வலப்பக்கத்தவர். யார் பிரிவது என்று முன்கூட்டி முடிவு செய்வதில்லை. பேசிக்கொள்ள நேரமும் இல்லை. சீக்கிரம் பிரிந்தால் முதல் ஆள் தப்பிவிடுவார். தாமதித்தால் இரண்டாமவர் ஓடுபவரை வீழ்த்திவிடுவார். பக்கத்தில் நிற்பவரின் தோள் அழுத்தம் மாறுவதை வைத்தே அவர் கிளம்புகிறாரா, இருக்கிறாரா என்று உணர வேண்டும். இரண்டு உடம்புகள் ஒரு முடிவை எடுக்கின்றன.

இதற்கு மேல் திட்டங்கள் இரண்டு வகை. ஒன்றில் ஐந்து பேரும் ஒரே திசையில் அடி வைப்பார்கள். எதிரணி அலைபோல் பக்கவாட்டில் நகரும். எங்கே விரிசல் விழுகிறதோ அதை ஓடுபவர் கண்டுபிடித்து நுழைவார். மற்றொன்றில் வழி எது என்பது முதலிலேயே முடிவாகியிருக்கும். ஒரு கார்டு தன் இடத்தைவிட்டுப் பின்வாங்கி, வரிசைக்குப் பின்னாலேயே ஓடி, மறுபக்கம் போய்ப் புதிய தடுப்பாளராக முளைப்பார். எதிரணி எண்ணி வைத்திருந்த கணக்கு அந்த நொடியில் தப்பாகிவிடும். தேர்ந்த வரிசைக்கு இரண்டும் தெரியும். முதல் அடி இரண்டிலும் ஒரே மாதிரி தெரியவும் பழகியிருக்கும்.

இதெல்லாம் ஒரு பருவத்தில் வந்துவிடாது. 18 வயதில் வருகிற இளைஞருக்கு முதலில் உடம்பு தயாராக வேண்டும். தசையைவிடத் தசைநாண்கள் மெதுவாகவே வலுப்பெறும், அவசரப்பட்டால் காயம்தான். அதனால் பலர் முதல் ஆண்டு பெரும்பாலும் ஆட்டத்தில் இறங்காமல் எடைப்பயிற்சி அறையிலேயே கழிக்கிறார்கள். மிச்சிகனின் கதை இதற்கு நல்ல சான்று. 2020இல் அந்த அணி ஆறு ஆட்டங்களில் இரண்டைத்தான் வென்றது. 2021இல் ஷெரோன் மூர் வரிசையின் பயிற்சியாளரானார். அந்த ஆண்டே ஒஹாயோ ஸ்டேட்டை 297 கெஜம் ஓடி வீழ்த்தினார்கள். நாட்டின் சிறந்த வரிசைக்கு 2015 முதல் தரப்படும் ஜோ மூர் விருது 2021, 2022 இரண்டு ஆண்டுகளும் மிச்சிகனுக்குப் போனது. ஒரு தனி வீரருக்குத் தராமல் மொத்த வரிசைக்கும் தரப்படும் விருது அது.

இந்த விளையாட்டுக்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் வியப்பது நேர்மையாகாது. வரிசையில் நிற்பவர்கள் ஏறத்தாழ ஒவ்வொரு முயற்சியிலும் மோதுகிறார்கள். மயக்கம் வராத சிறு அடிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் மூளையைப் பாதிக்கக்கூடும் என்பதை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் காட்டியிருக்கிறார்கள். தலையைப் பின்னால் வைத்துக் கைகளை முந்தவிடும் நுட்பத்துக்கு இதனால் கூடுதல் அர்த்தம் உண்டு. நல்ல நுட்பம் கெஜங்களை மட்டும் சேர்ப்பதில்லை, ஒரு மனிதரின் பிற்காலத்தையும் ஓரளவு காக்கிறது. முழு வேக மோதல் பயிற்சிகளைக் குறைப்பது இதைவிட முக்கியம்.

2023 நவம்பர் 25. ஒஹாயோ ஸ்டேட்டுடன் ஆட்டம் 17–17 என்று சமநிலையில் இருந்தபோது, மிச்சிகனின் வலது கார்டும் அணித்தலைவர்களில் ஒருவருமான ஸாக் ஸின்டரின் கால் எலும்புகள் முறிந்தன. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வலது டேக்கிள் கார்சன் பார்ன்ஹார்ட் கார்டு இடத்துக்கு நகர்ந்தார்; மாற்று வீரர் டிரென்டே ஜோன்ஸ் டேக்கிளாக வந்து நின்றார். இரண்டு இடங்களில் ஆள் மாறிய அந்த வரிசையின் பின்னால், அடுத்த முயற்சியிலேயே பிளேக் கோரம் 22 கெஜம் ஓடி டச் டவுன் போட்டார். மிச்சிகன் 30–24 என்று வென்றது. ஆறு வாரம் கழித்து, அவ்வாண்டின் ஜோ மூர் விருதை வென்ற வாஷிங்டனை இறுதியாட்டத்தில் சந்தித்து, 303 கெஜம் ஓடி 34–13 என்று சாம்பியன் ஆனது.

தேர்ந்த ஒரு வீரர் போன பிறகும் வரிசை கலையவில்லை என்றால், அந்தத் திறமை ஒரு தனி உடம்பில் மட்டும் குடியிருக்கவில்லை என்று அர்த்தம். ஒரே கூண்டிலிருந்து சீறி வந்து, ஒரே அடியைப் பழகி, பக்கத்தில் நிற்பவரின் தோளைப் படிக்கக் கற்றுக்கொண்ட அத்தனை பேருக்கும் நடுவில் அது பொதுச் சொத்தாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிவிவரத்தில் கெஜங்கள் ஓடியவர் பெயரில்தான் ஏறும். ஆனால் ஒவ்வொரு கெஜமும் முதலில் அந்த ஐந்து பேர் சம்பாதித்தது.