உப்போடு ஒரு மல்லுக்கட்டு

விழிஞ்ஞம் படகுகளின் எஞ்சின் ஆயுள் ஒரு டப்பா கிரீஸில் இருக்கிறது. ஆனால் எந்த கிரீஸ்?

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் படகு கரை சேர்ந்ததும் முதலில் மீன் இறங்கும். பிறகு ஏலம், வலை உதறல், கணக்கு. எஞ்சினின் முறை கடைசியில்தான். படகின் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு எஞ்சினைத் தூக்கி நிறுத்தி, நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் கன்னால் நாலு அழுத்து அழுத்தினால் பத்து நிமிட வேலை. ஆனால் இரவெல்லாம் கடலில் கிடந்தவருக்கு அந்தப் பத்து நிமிடமும் பாரம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு நடப்பவர்களும் உண்டு.

அந்த 'நாளை' வருவதற்குள் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

கேரளக் கரையில் அவுட்போர்டு எஞ்சின் பரவியது 1980-களில். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், மாநில அரசின் மத்ஸ்யஃபெட்டும் எஞ்சின் பழுது பார்க்க ஒர்க்‌ஷாப்புகள் நடத்தும் அளவுக்கு அது கரையோர வாழ்க்கையில் கலந்தது. விழிஞ்ஞத்துக்கு இதில் தனி இடம். மழைக்காலத்தில் மற்ற ஊர்க் கரைகளில் அலை படகை இறக்க விடாது. அப்போது அக்கம்பக்கத்து மீனவர்களும் இந்த விரிகுடாவைத் தேடி வருவார்கள். ஜூன் 9 முதல் ஜூலை 31 வரை கேரளத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை. பாரம்பரியப் படகுகளுக்குத் தடை இல்லை. எஞ்சின் அதிகம் உழைப்பதும் அதிகம் நனைவதும் இந்த மாதங்களில்தான்.

கிரீஸ் என்பது ஏதோ தனிப்பொருள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது எண்ணெய். ஓடிவிடாமல் இருக்க ஒரு வகை சோப்பில் ஊறவைத்த எண்ணெய். பஞ்சில் நனைந்த நீர்போல, சோப்பு எண்ணெயைப் பிடித்து வைத்து, உராய்வு வரும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஆகவே கடலுக்கு ஏற்றதா இல்லையா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த சோப்புதான். சிவப்பு, நீலம், பச்சை என்று கடையில் காணும் நிறங்கள் கம்பெனி சேர்க்கும் சாயம். நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது.

சோடியம் சோப்பு கிரீஸ் தண்ணீரில் கரையும். படகுக்கு ஆகவே ஆகாது. பழைய சுண்ணாம்பு கிரீஸ், அதாவது சாதாரண கால்சியம் சோப்பு, தண்ணீருக்கு அசையாது; ஆனால் சூடு ஏறினால் பிரிந்துவிடும். லித்தியம் கிரீஸ் சுமார் 190 டிகிரி செல்சியஸ் வரை உருகி வடியாது. நீரையும் ஓரளவு தாங்கும். இதன் சோப்புக்கு மூலம் ஆமணக்கு எண்ணெய். உலகில் ஆமணக்கு அதிகம் விளையும் நாடு இந்தியா, முதலிடத்தில் குஜராத். இவற்றில் உப்புநீருக்கு மிக நன்றாக ஈடுகொடுப்பது கால்சியம் சல்ஃபோனேட் வகை. துருவைத் தடுக்கும் குணம் அதற்கு இயல்பிலேயே உண்டு. விலைதான் கூடுதல்.

டப்பாவில் பார்க்க வேண்டிய இன்னொன்று, 'என்.எல்.ஜி.ஐ.' எண். கிரீஸின் கெட்டித்தன்மையை 000 முதல் 6 வரை வரிசைப்படுத்தும் அளவு இது. படகு எஞ்சினுக்குப் பொதுவாக 2. ஏறக்குறைய வெண்ணெய் பதம். அதோடு 'மரைன்' என்ற சொல்லும் இருந்தால் நல்லது.

பனிமலைகளில் ஓடும் ஸ்னோமொபைலுக்கும் இதே கவலை உண்டு. குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் அந்த வண்டியின் சஸ்பென்ஷன் இணைப்புகளில் உருகிய பனிநீர் புகுந்து துருப்பிடிக்கும். புது கிரீஸை அழுத்தி நீரையும் பழைய கிரீஸையும் வெளியே தள்ளுவதே அங்கும் வைத்தியம். குளிரில் சாதாரண கிரீஸ் இறுகிப்போகும் என்பதால் அங்கே குளிர் தாங்கும் வகை தேவை. விழிஞ்ஞத்தில் வெயிலையும் உப்பையும் தாங்கினால் போதும்.

போடும் முறையிலும் விஷயம் இருக்கிறது. எஞ்சினைத் தூக்கும் அச்சு, திருப்பும் அச்சு இரண்டிலும் கிரீஸ் நிப்பிள் இருக்கும். அதன் வாயைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் பிதுங்கி, பின்னால் புதியது தலைகாட்டும் வரை அழுத்த வேண்டும். நாலு அழுத்து என்ற கணக்கு எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. வகை தெரியாத இரண்டு கிரீஸைக் கலக்கவும் கூடாது. சில வகைகள் சேர்ந்தால் இளகி வழிந்துவிடும். வகையை மாற்றுவதானால் பழையதை முழுக்க வெளியேற்றிவிட்டே மாற்ற வேண்டும்.

அடுத்தது புரொப்பல்லர். அதைக் கழற்றினால் பல நேரம் ஷாஃப்டில் நைலான் நரம்பு சுற்றியிருக்கும். அறுந்த வலைத்துண்டுகள்தான். அது ஆயில் சீலை அறுத்தால் கியர் பெட்டிக்குள் கடல்நீர் இறங்கும். கியர் ஆயிலைத் திறந்துவிடும்போது பால்விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். நரம்பை எடுத்து, ஷாஃப்டைத் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினால் அடுத்த முறை சுத்தியல் இல்லாமல் கழற்றலாம். கியர் பெட்டிக்குள் மட்டும் கிரீஸ் கூடாது. அங்கே கியர் ஆயில்தான். அதையும் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும் வரை நிரப்பினால்தான் உள்ளே காற்று நிற்காது. எஞ்சினில் பொருத்தியுள்ள துத்தநாகக் கட்டியின் மேலும் கிரீஸ் படக் கூடாது. மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதற்காகவே வைக்கப்பட்ட கட்டி அது. மூடிவிட்டால் பயனில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? எஞ்சின் கையேடுகள் பொதுவாக 100 மணி நேரம் என்கின்றன. உப்புநீரில் இன்னும் சீக்கிரம். ஓய்வு நாளில் உல்லாசப் படகு ஓட்டுபவருக்கு 100 மணி நேரம் ஆக ஒரு வருடம் பிடிக்கலாம். நாளைக்கு 5 மணி நேரம் எஞ்சின் ஓட்டும் மீனவருக்கு அது 20 நாள். கையேட்டில் 'வருடம் ஒருமுறை' என்று படித்துவிட்டு அப்படியே செய்தால் எஞ்சின் போய்விடும்.

போவது எஞ்சின் மட்டுமல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது விழிஞ்ஞம், பூந்துறை கரைகளிலிருந்து போன பலர் திரும்பவில்லை. அந்தக் காற்றை எந்த எஞ்சினும் வென்றிருக்காது. ஆனால் எச்சரிக்கை கிடைத்த உடனே கரைக்குத் திரும்ப, இழுத்தவுடன் கிளம்பும் எஞ்சினும் திருப்பினால் திரும்பும் அச்சும் வேண்டும். இரண்டாவது எஞ்சின் இருக்கிறதே என்று நினைத்தால், அதுவும் அதே உப்பில் நனைந்ததுதான்.

மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகிலேயே 2024 ஜூலையில் முதல் சரக்குப் பெட்டகப் பெருங்கப்பலான 'சான் ஃபெர்னாண்டோ' வந்து நின்றது. 2025 மே 2 அன்று அந்த சரக்குப் பெட்டகத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அத்தகைய துறைமுகங்களில் கிரேன் வடங்களுக்குக் கிரீஸ் போடுவது அட்டவணைப்படி நடக்கும் வேலை. மீனவரின் எஞ்சினுக்கு அட்டவணை எழுத யாரும் இல்லை. படகின் உள்பலகையில் தேதியைச் சாக்கட்டியால் கிறுக்கிவைத்தால் போதும். ஒரு பயணத்தின் எரிபொருள் செலவோடு ஒப்பிட்டால் ஒரு டப்பா மரைன் கிரீஸின் விலை சொற்பம்.